அரைப் பனிவீடும் முழுத் தலைப்பாகையும்

எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்குத் தாமதமாக வருகிறவர்கள் வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, டிக்கெட் கிழிப்பவரிடம் மூச்சிரைக்கக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நியூஸ் ரீல் ஓடுதா, முடிஞ்சிருச்சா?" ஓடுகிறது என்று பதில் வந்துவிட்டால் ஓட்டம் உடனே நடையாகிவிடும். சோடாக்கடைப் பக்கம் ஒதுங்கி ஒரு பீடி பற்றவைக்க நேரமிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே பீகாரில் வெள்ளம் வந்துகொண்டிருக்கும், பக்ராவில் அணை நிரம்பிக்கொண்டிருக்கும், ஒரு மந்திரி கத்தரிக்கோலோடு நாடாவை நெருங்கிக்கொண்டிருப்பார். இதற்கெல்லாம் அவசரப்பட்டு ஓடிவந்தவன் எங்கள் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டெல்லியையும் காஷ்மீரையும் தரை டிக்கெட்டுக்கு இனாமாகக் காட்டுகிறார்களே என்ற பேராசை. மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து, கடித்தால் சத்தத்தில் வர்ணனை கேட்காமல் போய்விடுமென்று முறுக்கை வாயில் ஊறவைத்துக்கொண்டு, நான் பாரத தேசத்தைப் பார்த்தேன்.

1948இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன்தான் இந்தப் படங்களை எடுத்து, பல மொழிகளில் குரல் சேர்த்து, நாடு முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தது. அப்போது எந்தக் கொட்டகையானாலும் ஒவ்வொரு காட்சியிலும் இவற்றில் ஒன்றைப் போட்டே ஆகவேண்டும், லைசென்ஸ் நிபந்தனை. போட்டதோடு விடுவதில்லை, வசூலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை வாடகையும் கட்டவேண்டும். யாரும் கேட்காத சரக்கைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன் என்று எங்கள் கொட்டகை முதலாளி சலித்துக்கொள்வார். படப்பெட்டி பெரிய ஊர்களையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வரும் என்பதால், திரையில் வெள்ளம் பாயும்போது நிஜத்தில் அது வடிந்து, அடுத்த வருஷத்து வெள்ளமும் வந்து போயிருக்கும். 1967 தேர்தலில் தோற்றுப்போன மந்திரி ஒருவர் எங்கள் கொட்டகையில் மட்டும் அதற்குப் பிறகும் வெகுநாள் அடிக்கல் நாட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, வீட்டுக்குப் போங்கண்ணே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அதற்குக் கிடைத்த கைதட்டல் அன்றைய கதாநாயகனுக்குக் கிடைத்திருக்காது.

இதையெல்லாம் அன்று நம்பினோமா என்று இப்போது யாராவது கேட்டால் என்ன சொல்வது? வெள்ளத்தை நம்பினோம், தண்ணீர் பொய் சொல்லாது. வெள்ளம் பாதித்தவர்கள் அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்த அந்தத் திருப்தியான சிரிப்பை நம்பவில்லை. ஆனால் அதைப் பொய் என்று சொல்லிக் கோபப்பட்டவரும் கிடையாது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வார்களே, அந்த மாதிரி. இத்தனைக்கு இத்தனை கழித்துக்கொள்ளவேண்டும் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அந்தக் கழித்தலைக் கொட்டகை முழுவதும் சேர்ந்து, வாய்விட்டு, சிரித்துக்கொண்டே செய்தது என்பதுதான் இன்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது அதே கணீர்க் குரல் இருபது அம்சத் திட்டத்தைப் பற்றிப் பேசியது. எங்கள் ஊர் ரயிலும் அப்போது கொஞ்ச நாள் நேரத்துக்கு வந்து தொலைத்ததால், எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று புரியாமல் ஜனங்கள் வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள். வேறு காரணமும் இருந்தது, உங்களுக்குத் தெரியும்.

கழித்தல் கணக்கின் உச்சம் எங்கள் ஊரையே படம் பிடித்தபோது வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் 1960இலிருந்தே தீவிர சாகுபடித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் குறுவைக்கென்று வந்து, திண்ணைக்குத் திண்ணை அதுவே பேச்சாக இருந்த சமயம். ஒரு நாள் ஜீப்பில் ஒரு படப்பிடிப்புக் கோஷ்டி வந்து இறங்கியது. எந்த இலாகா, எந்த ஊர் என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. முன்னேறிய விவசாயி ஒருவர் வேண்டுமென்றார்கள். ஊரில் உண்மையிலேயே நன்றாக விளைவித்தவர் ஒல்லியாக, முன்பல் இரண்டு போய், எப்போதும் அழப்போகிறவர் மாதிரி இருப்பார். ஆகவே மேலத்தெரு மாமாவைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல உயரம், நல்ல மீசை. வயல் குத்தகைக்கு விட்டிருந்தது. அவருக்குப் புது வேட்டி கொடுத்து, எங்கள் பக்கத்தில் எவரும் கட்டியிராத தினுசில் பெரிய தலைப்பாகை ஒன்றைக் கட்டி, பக்கத்து ஊர் மிராசுதாரின் டிராக்டரில் ஏற்றி உட்காரவைத்து, அடுத்தவர் வயல் கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து, பெருமிதமாகப் பார்க்கச் சொன்னார்கள். மாமா நாலு தடவை பெருமிதமாகப் பார்த்தார். ஐந்தாவது தடவை பசி வந்துவிட்டது. அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, ஏனென்றால் படத்தில் அந்த முகத்தில் ஓர் ஆழ்ந்த சிந்தனை தெரிந்தது.

அந்தப் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தபோது அத்தனை ஜனமும் ஒரே இரவில் அங்கே இருந்தது. வெளியே பீடிக்குக்கூட ஒருவர் இல்லை. மாமா திரையில் டிராக்டரிலிருந்து இறங்கியதும் எழுந்த விசில், வர்ணனையை மூழ்கடித்துவிட்டது. "டிராக்டருக்குத் தவணை கட்டியாச்சா?" என்று ஒருவர் கத்த, "தலைப்பாகையத் திருப்பிக் கொடுத்துட்டியா மாமோவ்!" என்று இன்னொருவர் கத்த, பல் போன அசல் விவசாயி எல்லோருக்கும் மேலாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர்கூட ஏமாற்றப்பட்டதாக நினைக்கவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும்: நெல் நிஜம். அந்தக் கதிர் நிஜமாகவே அத்தனை கனமாகத்தான் இருந்தது. மாமாவோ காலப்போக்கில் டிராக்டரைப் பற்றிப் பேசும்போது 'நம்ம வண்டி' என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

இப்படிப்பட்ட கொட்டகையில் வளர்ந்தவன் மதராஸுக்குப் போய், ஜோல்னாப் பை மாட்டி, ஃபிலிம் சொசைட்டியில் சேர்ந்து, உண்மைக்காக உயிரை விடத் தயாரானது எப்படி என்று யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எழுபதுகளின் பிற்பாதி. 16 எம்.எம். புரொஜெக்டர் கடகடக்கும் ஒரு வாடகை ஹாலில், மின்விசிறி சத்தத்துக்குப் போட்டியாக, நானும் என் தாடி வைத்த நண்பர்களும் உலக சினிமாவைத் திருத்திக்கொண்டிருந்தோம். அங்கேதான் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்' பார்த்தேன். 1922இல் வந்த மௌனப் படம். ஹட்சன் விரிகுடாக் கரையில் பனிக்கு நடுவே வாழும் ஒரு வேட்டைக்காரக் குடும்பம்; ஈட்டியால் வால்ரஸைக் குத்துகிறார்கள், பனிக்கட்டியை அறுத்து வீடு கட்டுகிறார்கள், கிராமபோன் தட்டைக் கண்டு வியந்து நானூக் அதைக் கடித்துப் பார்க்கிறார். கண்ணீர் மல்க வெளியே வந்து, இதுவே சத்தியத்தின் சினிமா என்று ஒரு சிற்றிதழில் ஆறு பக்கம் எழுதினேன்.

பிறகு மெல்ல மெல்லச் சேதி வந்தது. அவர் பெயர் நானூக் இல்லை, அல்லகரியல்லாக். மனைவியாக வந்தவர் மனைவி இல்லை. அந்த ஜனங்கள் அப்போதே துப்பாக்கியால்தான் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். ஈட்டி, ஃபிளாஹர்ட்டி கேட்டதற்காக. கிராமபோன் அவருக்குப் புதிதல்ல. படத்துக்குப் பணம் போட்டது ஒரு மென்மயிர்த் தோல் வியாபாரக் கம்பெனி. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பனிவீடு: உள்ளே வெளிச்சம் போதவில்லை, கேமராவும் பெரியது என்பதால், பெரிதாக ஒரு வீட்டைக் கட்டி அதில் பாதியை வெட்டிவிட்டு, மிச்சமுள்ள அரை வீட்டில் குடும்பத்தைத் தூங்கச் சொல்லிப் படம் எடுத்திருக்கிறார்கள். என் கோபத்துக்கு அளவில்லை. ஃபிளாஹர்ட்டியோடு நாங்கள் உறவை முறித்துக்கொண்டோம். அவர் 1951லேயே காலமாகிவிட்டார் என்பது எங்கள் தீர்மானத்தைப் பாதிக்கவில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் இந்த அநியாயத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏண்டா, அரை வீட்டுல படுத்துக்கச் சொன்னாங்களே, அந்தப் புள்ளைங்களுக்குக் குளிராது?"

எங்கள் ஃபிலிம் சொசைட்டியில் யாருக்கும் தோன்றாத கேள்வி. முழு வீடாக இருந்திருந்தால் கொஞ்சமாவது கதகதப்பு இருந்திருக்கும். சூடான வீட்டில் தூங்குவதாக நடிப்பதற்காக, அவர்கள் நிஜமான குளிரில், திறந்த பக்கம் பனிக்காற்று வீச, சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அந்தப் படத்திலேயே மிக நிஜமான காட்சி எது என்று என் தாடிக்காரச் சபையில் நான் எழுப்பிய சர்ச்சை அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. அம்மா சொன்னாள் என்று மட்டும் அங்கே சொல்லவில்லை. ஒரு பிரெஞ்சு விமர்சகர் சொன்னமாதிரி ஒரு பாவனையில் சொல்லிவைத்தேன். நானூக் பட்டினியில் செத்துப்போனார் என்று அம்மாவிடம் சொல்லி அவளை அழவைத்திருந்தேன். அதுவும் ஃபிளாஹர்ட்டி பரப்பிய கதைதான், பெரும்பாலும் காசநோயாக இருக்கும் என்று பின்னாளில் படித்தபோது, திருத்திச் சொல்ல அவள் இல்லை.

அந்தச் சபையின் சுவரில் ஃபிளாஹர்ட்டி, கிரியர்சன், வெர்தோவ் என்று வெளிநாட்டு ஆவணப்படக்காரர்கள் எல்லோரும் படமாகத் தொங்கினார்கள். கோட்டையூரில் பிறந்து, சுமார் லட்சம் மைல் சுற்றி, உலகின் பல மூலைகளிலும் சிதறிக்கிடந்த காந்தியின் படச்சுருள்களை அடி அடியாகத் தேடிச் சேர்த்து, 50,000 அடியிலிருந்து வடித்து 1940இல் தமிழ் வர்ணனையோடு ஒரு முழுநீள ஆவணப்படத்தைக் கொண்டுவந்த ஏ.கே. செட்டியார் எங்கள் சுவரில் இல்லை. காந்தியாக யாருக்கும் வேஷம் போடாமல் எடுத்த படம். அவர் 1983 வரை உயிரோடு இருந்தார், 'குமரி மலர்' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். எங்களுக்கோ ஹட்சன் விரிகுடா பக்கமாக இருந்தது.

கதை இதோடு முடியவில்லை. ஒரு காலைக்காட்சியில் டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னெஸ்' பார்த்தேன், 1958 படம், ஆஸ்கர் வாங்கியது. லெமிங் என்ற எலி ஜாதி கூட்டம் கூட்டமாக ஓடிவந்து பாறை விளிம்பிலிருந்து கடலில் குதித்துச் சாகும். மனசு கேட்கவில்லை. நடுத்தர வர்க்கத்தை அந்த எலிகளாக உருவகித்து ஒரு புதுக்கவிதை எழுதினேன், அச்சிலும் வந்தது. 'நாம்' என்ற சொல் பதினொரு வரியில் ஒன்பது முறை வரும். எண்பதுகளில் கனடாத் தொலைக்காட்சி துருவிப் பார்த்துச் சொன்னது: படம் எடுத்த ஆல்பர்ட்டாவில் கடலே கிடையாது, எலிகளைக் காசு கொடுத்து வேறிடத்திலிருந்து வாங்கிவந்து, சுழலும் மேடையில் ஓடவிட்டுக் கூட்டமாகக் காட்டி, கடைசியில் ஆற்றுக்குள் தள்ளியிருக்கிறார்கள். லெமிங்குகள் கூட்டாகத் தற்கொலை செய்துகொள்வதில்லை. என் கவிதையில் தற்கொலை செய்துகொண்டவை எல்லாம் அசலில் கொலையுண்டவை. நடுத்தர வர்க்கத்துக்கு அந்த உருவகம் இப்போதுதான் சரியாகப் பொருந்துகிறது என்று ஒரு நண்பர் ஆறுதல் சொன்னார்.

பிறகு வீட்டுக்குள் டி.வி. வந்தது, கேபிள் வந்தது, டிஸ்கவரி தமிழ் பேச ஆரம்பித்தது. ஆப்பிரிக்காவின் சிங்கம் நம் பாஷையில் பசியோடு காத்திருந்தது. பழைய நியூஸ் ரீல் குரலின் பேரன் மாதிரி ஒரு கணீர்க் குரல். எனக்குப் பரம சுகம். தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுக்கும் காட்சிக்கு அந்தத் தூரத்துச் சத்தம் கிடைக்காது. மான் புல்லை மெல்லும் சத்தம், கரடி பனியில் நடக்கும் சத்தம் எல்லாம் பின்னால் ஒரு ஸ்டூடியோவில் ஒரு மனிதர் உட்கார்ந்து உண்டாக்குவது, பனி நடைக்குக் கஸ்டர்ட் பவுடர் உபயோகம் என்று தெரிந்தபோதுகூட நான் கோபப்படவில்லை. வயதாகிவிட்டது, தவிர, கஸ்டர்ட் பவுடரைத் துணிப்பையில் கட்டிப் பிசைந்துகொண்டு துருவப் பிரதேசத்தை உண்டாக்கும் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதையே வந்தது. ஆனால் உலகம் அப்போது என் பழைய தாடிப் பருவத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 2011இல் பி.பி.சி.யின் 'ஃப்ரோஸன் பிளானட்' தொடரில், பனிக்குகைக்குள் கரடிக்குட்டிகள் பிறந்து நெளியும் காட்சி ஐரோப்பிய மிருகக்காட்சிசாலை ஒன்றில் எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும் இங்கிலாந்துப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. குட்டி போட்ட துருவக் கரடியின் குகைக்குள் நிஜமாகவே கேமராவோடு நுழைந்திருந்தால் அடுத்த தொடருக்குக் கேமராமேன் இருந்திருக்கமாட்டார். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று என் பேரனோடு உட்கார்ந்து ஆவணப்படம் பார்ப்பது தனி அனுபவம். திரையில் ஒரு கண், மடியில் கிடக்கும் போனில் ஒரு கண். ஒரு கொலைக் கதை ஓடும். இருட்டில் ஒருவன் கதவைத் திறப்பான். "நடிக்கிறாங்க தாத்தா, கீழ போட்டிருக்கான் பாரு" என்பான். செத்துப்போனவர் குரல் கேட்கும். "இது ஏ.ஐ. வாய்ஸா இருக்கும்." அவனைக் குற்றம் சொல்ல முடியாது. சமையல் கலைஞர் ஆண்டனி போர்டெய்னைப் பற்றி 2021இல் வந்த 'ரோட்ரன்னர்' படத்தில், அவர் எழுதி மட்டும் வைத்திருந்த சில வரிகளை அவர் குரல் போலவே இயந்திரத்தைப் பேசவைத்துச் சேர்த்திருந்தார்கள். படத்தில் சொல்லவில்லை, இயக்குநர் பேட்டியில் சொன்ன பிறகுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது. அதனால் பையன் உஷாராக இருக்கிறான். 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கிய சமயம் ஒன்றாகப் பார்த்தோம். ரகு என்ற அந்த யானைக்குட்டி, தன்னை வளர்க்கும் தம்பதியில் ஒருவரான பொம்மன் மேல் துதிக்கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது, எனக்குத் தொண்டை அடைக்கிறது, பக்கத்திலிருந்து குரல்: "யானை நிஜம்தானா தாத்தா, கிராஃபிக்ஸா?" முதுமலையில் அந்தத் தம்பதி இருக்கிறார்கள், பஸ் ஏறினால் போய்ப் பார்க்கலாமடா என்றேன். என் வார்த்தை போதவில்லை. படத்தை நிறுத்திவிட்டு, போனில் தட்டிப் பார்த்து, சரிதான் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு கலங்கினான். சரிபார்த்த கண்ணீர்.

நாங்கள் பொய்யான தலைப்பாகைக்குள் நிஜமான நெல்லைப் பார்த்தோம், இவர்கள் நிஜமான யானைக்குள் பொய்யைத் தேடுகிறார்கள் என்று எழுதி இதை அழகாக முடித்துவிடலாம்தான். ஆனால் என் வயதுக்காரர்களின் வாட்ஸப் குழு அதற்கு இடம் கொடுக்கமாட்டேனென்கிறது. அன்று ஃபிளாஹர்ட்டியை என்னைவிட உரக்கத் திட்டிய நண்பர், தாடி நரைத்து, பென்ஷன் வாங்கி, போன வாரம் குமரிக்கண்டத்தில் எடுத்ததாக ஒரு வீடியோ அனுப்பினார். கடலுக்கடியில் கோபுரம், அதற்கு ஒரு கணீர்க் குரல். கோபுரத்துப் பொம்மைகளுக்கு ஆறு விரல். "பகிரவும்" என்று கீழே போட்டிருந்தது, அவர் பகிர்ந்துவிட்டார். சந்தேகமும் அசட்டு நம்பிக்கையும் ஒரே ஆளிடம் இப்படி ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்துவதை நியூஸ் ரீல் காலத்தில் நான் பார்த்ததில்லை. படித்த தேசத்தார் என்று அமெரிக்கர்களையும் விடுவதற்கில்லை. 2012இல் அனிமல் பிளானட் சானலில், நடிகர்களை விஞ்ஞானிகளாக்கி, கடற்கன்னி இருக்கிறது என்று ஆவணப்படம் மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். கடற்கன்னி இருந்ததற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க அரசின் கடலாய்வு இலாகாவே விளக்கம் வெளியிடவேண்டியதாயிற்று.

எல்லோரும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்திருந்தால் அந்த ஆறு விரலைப் பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டே எண்ணியிருப்பார். தனித்தனியாக, காதில் மாட்டிக்கொண்டு பார்த்தால் யார் எண்ணுவது? போனில் தட்டிப் பார்த்தால் தெரியும் என்கிறான் பேரன். தெரியும்தான். விசில் அடிக்காதே அது.

ஃபிலிம்ஸ் டிவிஷனைச் சில வருஷங்களுக்கு முன் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். அந்தப் பழைய படங்கள் நிறைய யூடியூபில் இருக்கின்றன. அணை, வெள்ளம், தடுப்பூசி, குறுவை, எல்லாம். உங்கள் ஊரோ உங்கள் ஜில்லாவோ வருகிற படமாகப் பார்த்து ஒன்றைப் போடுங்கள், தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டிலோ தெருவிலோ எண்பதைத் தாண்டியவர் ஒருவர் இருப்பார். நாற்காலி போட்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். வர்ணனையின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள். சீக்கிரம் செய்யுங்கள்.